வலிக்காத புண்

டாக்டர் வானொலியில் பேசும் நேரம் வந்துவிட்டால் குயிக்லுவாக்கில் நாய்கூடக் குரைக்காது என்பார்கள். மனிதன் நிலாவில் கால் வைத்து மூன்று வருஷமாகியும் வடதுருவத்தை ஒட்டிய அந்த ஆற்றோரத்து ஊர்களுக்கு டெலிபோன் வந்து சேரவில்லை. ஊருக்கு ஒரு மருத்துவ உதவியாள், அவளிடம் ஒரு வானொலிப் பெட்டி, ஒரு மருந்து அலமாரி. அவ்வளவுதான். ஆற்றின் மேல்பக்கத்துப் பெரிய ஊரிலிருந்து பிற்பகலில் டாக்டர் ஒவ்வொரு ஊராகக் கூப்பிடுவார். யாருக்கு இருமல், எந்தக் குழந்தைக்குக் காதில் சீழ், எந்தக் கிழவருக்கு வயிறு இறங்கவில்லை என்று உதவியாள் சொல்ல வேண்டும். அந்த அலைவரிசைக்குக் கதவும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பெட்டி வைத்திருந்த எல்லா வீட்டிலும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, மடியில் தைப்பு வேலையை வைத்துக்கொண்டு கேட்டார்கள். மறுநாள் காலையில் அந்தக் கிழவரைப் பார்த்து, "என்ன தாத்தா, உறைஞ்ச ஆறு உடைஞ்சுதா இல்லையா?" என்று சிறுசுகள்கூடக் கேட்கும்.

குயிக்லுவாக்கின் உதவியாள் ஒலிங்கா. நாற்பதை நெருங்கிய விதவை, தனியாள். அந்த ஜனவரியில் அவள் பெரிய ஊரில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தாள். திரும்பியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பயிற்சியில் இருட்டறைச் சுவரில் படம் போட்டுக் காட்டினார்கள். உடலுறவில் தொற்றும் மேகநோயால் மறைவான இடத்தில் வரும் புண்கள். சில பெண்கள் முகத்தை மூடிக்கொண்டார்கள். பாடம் நடத்திய டாக்டர் சிரிக்காமல், அவசரப்படாமல் சொன்னார்: "இந்தப் புண் வலிக்கும். ஓரம் கந்தலா இருக்கும், தொடையிடுக்குல நெறி கட்டும். வலி பொறுக்காம அவனே உங்ககிட்ட வந்துடுவான். ஆனா இதைப் பாருங்க. ஓரம் சுத்தமா, அடியில சட்டைப் பித்தான் வச்சுத் தைச்ச மாதிரி கெட்டியா இருக்கு. இது வலிக்காது. கொஞ்ச நாள்ல தானா ஆறியும் போயிடும். ஆறுனது மேல்தோல் மட்டும்தான். கிருமி ரத்தத்துக்குள்ள போயி உக்காந்திருக்கும். வலிக்காத புண்ணை நீங்கதான் தேடிப் போகணும்."

அடுத்த படம் ஒரு பெண்ணின் உள்ளங்கை. செப்புக் காசுகளை ஒட்டியதுபோல் வட்ட வட்டமான தடிப்பு. அதற்கடுத்த படம் ஒரு சிசுவின் உள்ளங்கால்.

அந்தப் பாதத்தை ஒலிங்காவுக்குத் தெரியும். அதே போன்ற ஒரு பாதத்தை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இலையுதிர் காலத்துப் புயலில், தன் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள்.

அந்தக் குழந்தைக்குக் காத்திருந்த பெயர் அவள் தம்பியுடையது.

அவர்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் உறவில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரை வைப்பார்கள். பெயர் வந்தால் ஆளே வந்ததாக அர்த்தம். பிள்ளையின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பெயரைச் சொல்வார்கள். செத்தவர்களுக்குத் தாகம் அதிகம் என்பதால். பிறகு தாய் தன் தாயை மடியில் வைத்துக் கொஞ்சுவாள், அக்கா தன் தம்பிக்கு மறுபடியும் கையுறை தைப்பாள். கோயில் பாதிரியாரும் இதைத் தடுக்கவில்லை. அன்பு எந்த வழியாக வந்தாலும் அது கடவுள் வீட்டு வழிதானே.

ஒலிங்காவின் தம்பி அங்கையக் இரண்டு வருஷத்துக்கு முன், ஆறு உறையத் தொடங்கிய நவம்பரில், மெல்லிய பனிக்கட்டி உடைந்து உள்ளே போனான். உடல் கிடைக்கவில்லை. கூடப் போனவன் வாசிலி, அவர்களுடைய அத்தை மகன். அவன் மட்டும் நடந்து திரும்பினான். எதற்காக அந்தப் பருவத்தில் ஆற்றில் இறங்கினீர்கள் என்று கேட்டதற்கு அவன் வாயே திறக்கவில்லை. மறு வருஷம் அவன் மனைவி நஸ்தாஸியாவுக்குப் பிறந்த ஆண் குழந்தை செத்துப் பிறந்தது. தோல் தண்ணீரில் ஊறியதுபோல் உரிந்து வந்தது. பார்த்தவர்கள் கிசுகிசுத்தார்கள்: "அங்கையக் வந்தான். ஆத்துல எப்படிக் கெடந்தானோ அப்படியே வந்தான். வாசிலி மூஞ்சியப் பாத்தான், திரும்பிப் போயிட்டான்."

ஒலிங்காவும் அதை நம்பினாள். படத்தைப் பார்க்கும்வரை.

இப்போது நஸ்தாஸியாவுக்கு மறுபடியும் ஏழாம் மாதம்.

அன்று உலர்மீன் பொட்டலத்தோடு ஒலிங்கா அவர்கள் வீட்டுக்குப் போனாள். நஸ்தாஸியா அடுப்பை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். நான்கு மணிகூட ஆகவில்லை, ஜன்னல் கறுத்துவிட்டது.

"வாங்கக்கா. கதவை நல்லாச் சாத்துங்க."

"சாத்தியாச்சு. ஏண்டி இப்படி வெளிறிக் கெடக்கே?"

நஸ்தாஸியா குரலைத் தாழ்த்தினாள். "இப்ப கேக்கும் பாருங்க. விளக்கு ஏத்தினதும் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

பதிலுக்கு முன் வாசல் கொட்டகையில் சத்தம் கேட்டது. தொப், தொப். வெளியிலிருந்து வந்த ஒருவன் உள்ளே நுழையுமுன் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிடும் சத்தம். ஒலிங்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கொட்டகையில் வண்டி இழுக்கும் நாய்களின் சேணமும் விறகும் இருந்தன. படியில் அவள் தடத்தைத் தவிர, பெய்த பனி கலையாமல் கிடந்தது.

"அங்கையக் தினம் வர்றாரு," என்றாள் நஸ்தாஸியா. "உள்ள மட்டும் வர மாட்டேங்குறாரு. இந்தப் புள்ளையும் வேண்டாம்னு போயிடுவாரோ அக்கா? நாங்க என்ன பண்ணினோம்?"

ஒலிங்கா கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டாள். "கையைக் காட்டு. போன தடவை மாசமா இருந்தப்ப, மீன் வெட்டப் போன இடத்துல உள்ளங்கையில தடிப்பு வந்துச்சே, நெனவிருக்கா?"

"உப்புக்கா அது. அரிக்கக்கூட இல்லையே. தானாப் போயிடுச்சு."

தானாகப் போய்விட்டது. அந்த வார்த்தை ஒலிங்காவின் காதில் பூட்ஸ் சத்தத்தைவிடப் பயங்கரமாக விழுந்தது.

*

மறுநாள் வாசிலி ஆற்றில் தண்ணீர் எடுக்கத் துளை போட்டுக்கொண்டிருந்தான். இரும்புக் கடப்பாரை ஏறி இறங்கியது. தூரத்தில் உறைந்த ஆறு தன் பாட்டுக்கு முனகியது. குளிர் ஏற ஏறப் பனிக்கட்டி அப்படித்தான் முனகும்.

"என்னடா அத்தை மகனே, ஆத்தையே பேத்து வீட்டுக்குக் கொண்டு போறியா?"

அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது அங்கே கிட்டத்தட்டக் கடமை. முன்பெல்லாம் வாசிலி ஒன்றுக்கு நாலாகத் திருப்பித் தருவான். அங்கையக் போனதிலிருந்து அவனிடம் பதில் கிண்டல் இல்லை. இப்போதும் கடப்பாரையைத்தான் ஓங்கினான்.

ஒலிங்கா சுற்றி வளைக்கவில்லை. "மீனை டப்பாவுல அடைக்கிற கேனரி வேலைக்குப் போயிட்டு வந்தியே, அந்த வருஷம். உனக்குப் புண் வந்துச்சா?"

கடப்பாரை நின்றது.

"நான் சிரிக்கலை. யார்கிட்டயும் சொல்லவும் போறதில்லை. மறைவான இடத்துல, கெட்டியா, வலிக்காம வந்துச்சா?"

அவன் துளையில் மிதந்த பனித்துண்டுகளைக் கடப்பாரையால் ஒதுக்கினான். "வந்துச்சு. கொசு கடிச்ச அளவுகூட வலிக்கலை. சாமி படத்துக்குக் கீழ வச்சிருந்த மந்திரிச்ச தண்ணி இருந்துச்சுல்ல, அதால கழுவினேன். மண்டி போட்டு அழுதேன். இனிமே அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். பனி விழறதுக்குள்ள தழும்புகூட இல்லாமப் போயிடுச்சு. சாமி மன்னிச்சிட்டாருன்னு நெனச்சேன்."

வருஷா வருஷம் ஜனவரியில் ஆற்றுப் பனியில் சிலுவை வெட்டி, பாதிரியார் ஜெபித்து எடுத்துத் தரும் தண்ணீர் அது. ஊரில் எல்லார் வீட்டிலும் உண்டு. ஒலிங்கா வீட்டிலும் உண்டு.

"மன்னிச்சுத்தான் இருப்பாரு," என்றாள் அவள். "அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா மன்னிச்சது உன்னை. கிருமி மன்னிப்புக் கேக்கலையேடா. அது உன் ரத்தத்துல இருந்துச்சு, நஸ்தாஸியாவுக்குப் போச்சு, புள்ளைக்குப் போச்சு. அந்தப் புள்ளைய அங்கையக் வேண்டாம்னு சொல்லலை, வாசிலி. நோவுதான் கொன்னுச்சு. இப்ப இருக்கற புள்ளையும் அப்படியே போயிடும், ஊசி போடலைன்னா."

வாசிலி கடப்பாரையைப் பிடித்தபடியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"போடு," என்றான் கடைசியில். "என்ன வேணாப் போடு. ஆனா ரேடியோவுல என் பேரைச் சொல்லாதே. ஏற்கெனவே ஊர்ல என்னை ஆளைக் கொன்னவன் மாதிரி பாக்குறாங்க. இதுவும் தெரிஞ்சா, இதோ இந்தத் துளை போதும் எனக்கு."

அவன் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்குப் பனி பெய்யும் என்பதுபோல் சொன்னான். அதனால்தான் ஒலிங்கா பயந்தாள்.

டாக்டர் சொல்லாமல் அந்த மருந்தைப் போட அவளுக்கு அனுமதி இல்லை. கடிதமோ ரத்தமோ அனுப்பலாம் என்றால் மூடுபனியில் தபால் விமானம் இறங்கிப் பல நாளாயிற்று. மிச்சம் இருந்தது வானொலி. அதைக் கேட்க, அவள் வீட்டுக்கு எதிரிலேயே பரஸ்கா இருந்தாள்.

பரஸ்கா கெட்டவள் இல்லை. ஆனால் ஊர் வாய்க்கு ஒரு முகவரி இருந்தால் அது அவள் வீடுதான். டாக்டர் நேரத்தில் அவள் பெட்டியை விட்டு நகர மாட்டாள். "நான் என்னத்தக் கேக்குறேன், பைலட் பிஸ்கட் தின்னுக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கேன்" என்பாள். மறுநாள் விடியுமுன் எல்லார் வியாதியும் எல்லார் வீட்டுக்கும் போயிருக்கும்.

*

"குயிக்லுவாக், சொல்லுங்க. ஓவர்."

குரல் புதிது. இந்தப் பனிக்காலத்தில்தான் வந்து சேர்ந்த இளம் டாக்டர். வானத்தில் பச்சைத் துருவ ஒளி ஆடத் தொடங்கியிருந்ததால் பெட்டி இரைந்தது. ஒலிங்கா முதலில் இரண்டு இருமலையும் ஒரு காதையும் சொன்னாள். பிறகு மூச்சை இழுத்துவிட்டாள்.

"இன்னொருத்தர் இருக்காங்க டாக்டர். ஆம்பளை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி மறைவான இடத்துல ஒரு புண். கெட்டியா, வலியில்லாம. மருந்தே போடாம ஆறிடுச்சு. ஓவர்."

ஆறு நெடுகிலும் தைப்பு ஊசிகள் நின்றுபோனதை அவளால் உணர முடிந்தது.

"சரியாத்தான் கவனிச்சிருக்கீங்க. பேரு என்ன? ஓவர்."

பொய்ப் பெயர் ஒன்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஊரில் ஆளில்லாத பெயர் கிடையாது. எந்தப் பெயரைச் சொன்னாலும் உயிரோடிருக்கும் ஒருவன் நாளைக் காலை தலைகுனிந்து நடப்பான். ஆளில்லாமல் காத்திருந்த பெயர் ஒன்றுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, செத்தவனுக்கு இனி வெட்கம் இல்லை, எங்களுக்குத்தான் இருக்கிறது. தம்பி, உன் சட்டையைக் கொஞ்சம் கொடு, ஒருத்தன் குளிரில் நிற்கிறான்.'

"அங்கையக்," என்றாள்.

பெட்டியின் இரைச்சல் ஒரு கணம் அறுந்து நின்றது. அந்த வெறுமையில் யாரோ நீரிலிருந்து தலையைத் தூக்கி மூச்சு வாங்குவதுபோல் ஓர் ஒலி வந்தது. அவள் பேசுகருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு டாக்டரின் குரல், பெயரைத் தப்பாக உச்சரித்தபடி, திரும்பியது.

"அங்கியாக். சரி. பென்சிலின் முன்னாடி போட்டு உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்கான்னு கேட்டுக்கங்க. அவருக்கும், அவர்கூடப் படுக்கிறவங்களுக்கும் போடணும். ஓவர்."

"கர்ப்பமா இருக்கற பொண்ணுக்கும் இதே ஊசி போடலாமா டாக்டர்? அதைத் தெரிஞ்சுக்கணும். ஓவர்."

"கண்டிப்பாப் போடணும். கர்ப்பமா இருந்தா இன்னும் அவசரம். இதே ஊசி புள்ளையையும் காப்பாத்தும். வாரத்துக்கு ஒரு தடவை, மூணு வாரம், ரெண்டு பக்க இடுப்புலயும். ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்து வச்சிடுங்க. இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். முதல் ஊசி போட்ட அன்னிக்கு..."

அத்தோடு பெட்டி செத்தது. ஒலிங்கா விசைகளைத் திருப்பினாள், கூப்பிட்டாள், தட்டினாள். இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு வெளியே பச்சை ஒளி ஆற்றின்மேல் சீலைபோல் அசைந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டில் பரஸ்காவின் விளக்கு எரிந்தது. ஜன்னலில் அவள் நிழல் எழுந்து நின்றது.

மறுநாள் ஊரே பேசியது. ஒலிங்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். செத்தவன் கனவில் வந்து மருந்து கேட்டிருக்கிறான் என்றார்கள் சிலர். ஊரில் நாலைந்து பெண்கள் கர்ப்பமாக இருந்ததால் வாசிலியின் பெயரை யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒலிங்காவுக்கு அதில் நிம்மதி கிடைக்கவில்லை. திரும்பி வர இருக்கும் பெயரில் சேற்றைப் பூசிவிட்டோமே, இனி வருவானா என்ற கேள்வி நெஞ்சில் மீன்முள்ளாய் நின்றது.

*

அறுந்துபோன சொல்லுக்காகக் காத்திருப்பதா, ஊசி போடுவதா என்று அவள் அன்று காலை சாமி படத்துக்கு முன் நின்று யோசித்தாள். வானத்து ஒளி அடங்கப் பல நாள் ஆகலாம். புள்ளைக்கு அத்தனை நாள் உண்டா, தெரியாது. மருந்துப் புட்டி வழியில் உறைந்துவிடாமல் அங்கிக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசிலி சின்ன வயதில் காதுவலிக்குப் பென்சிலின் போட்டுக்கொண்டவன். நஸ்தாஸியாவும் ஒருமுறை மார்ச்சளிக்குப் போட்டிருக்கிறாள். இருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ரத்தம் எடுத்து வைத்தாள். கெட்டியான வெள்ளை மருந்தை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டிச் சூடாக்கி, மெல்ல மெல்லப் போட்டாள். முதலில் வாசிலிக்கு, பிறகு நஸ்தாஸியாவுக்கு. நஸ்தாஸியாவிடம் வாசிலி எல்லாவற்றையும் இரவே சொல்லியிருந்தான். அவள் அழுது வீங்கிய முகத்தோடு, ஆனால் அவன் கையை விடாமல் படுத்திருந்தாள். ஊசி ஏறும்போது, "இவருக்குப் போட்டதைவிடப் பெரிய ஊசியா இது?" என்று மட்டும் கேட்டாள்.

"அதே ஊசிதான்டி. அவன்தான் அதிகமாக் கத்தினான்."

இருட்டும்வரை நல்லபடியாகத்தான் இருந்தாள். விளக்கு ஏற்றியதும் நஸ்தாஸியாவின் பற்கள் அடித்துக்கொள்ளத் தொடங்கின. போர்த்த போர்த்தக் குளிர் நடுக்கம். பிறகு தணலாய்க் கொதித்தது உடம்பு. மறைந்துபோயிருந்த செப்புக் காசுகள் உள்ளங்கைகளில் மங்கலாக மேலே வந்தன, யாரோ அடியிலிருந்து அழுத்துவதுபோல. வயிறு கல்லாக இறுகி இறுகி விட்டது.

"அக்கா, புள்ள அசையலை."

ஒலிங்கா வயிற்றில் காதை வைத்தாள். அடுப்பில் விறகு வெடிப்பதுதான் கேட்டது. எதை மறந்தோம்? டாக்டர் சொல்ல வந்தது என்ன? போடாதே என்று சொல்ல வந்தாரா? 'பெயரைக் கெடுத்ததற்குத் தண்டனையா இது, அங்கையக்? என்மேல் கோபித்துக்கொள். இந்தப் பெண்ணை விட்டுவிடு.'

வாசிலி சுவரோரமாக நின்றிருந்தவன் திடீரென்று பேசினான். நஸ்தாஸியாவிடமோ ஒலிங்காவிடமோ அல்ல, வாசலைப் பார்த்து.

"மச்சான், சொல்லிடறேன். இவகிட்ட இன்னிக்குச் சொல்லிடறேன்." அவன் குரல் உடைந்தது. "ஒலிங்கா, அன்னிக்கு ஆத்துல எதுக்கு இறங்கினோம் தெரியுமா? எனக்காகத்தான். நேஷனல் கார்டு ராணுவப் பயிற்சியில அவனுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்காங்க. என் புண்ணை அவன்கிட்ட மட்டும் சொன்னேன். ஆறிடுச்சு, விடுடான்னேன். வலிக்காத புண்ணை நம்பாதே மச்சான், வா பெரிய ஆஸ்பத்திரிக்கு, நானும் கூட வர்றேன், யாருக்கும் தெரியாதுன்னு இழுத்துக்கிட்டுப் போனான். ஆறு கெட்டியாகட்டும்னு சொன்னேன். உன் நோவு காத்திருக்காதுன்னான். அவன்தான் முன்னால நடந்தான், கம்பால பனியத் தட்டித் தட்டி. எனக்கு முன்னால நடந்தான், ஒலிங்கா."

இரண்டு வருஷமாக ஒலிங்கா இவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்காமல் விழுங்கிய கேள்விக்கு விடை இது. தன் தம்பி எந்த ஊசிக்காக வழி தேடிப் போனானோ, அதே ஊசிக்குத்தான் அவன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். அவள் பிடுங்கியதாக நினைத்த சட்டையை அவன் எப்போதோ கழற்றித் தந்துவிட்டிருந்தான்.

அப்போது கொட்டகையில் சத்தம் கேட்டது.

தொப், தொப்.

மூவரும் கதவைப் பார்த்தார்கள். நஸ்தாஸியா நடுக்கத்திலேயே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். தொப், தொப். இத்தனை நாளும் அதோடு நின்றுவிடும். இன்று நிற்கவில்லை. தாழ் நகர்ந்தது. கதவு திறந்தது. வெள்ளை மூடுபனி தரையோடு உருண்டு வந்தது. அதற்குள் ஓர் உருவம், முகம் முழுக்க உறைபனி.

"கதவைச் சாத்துங்க, செத்தே போயிட்டேன்!" என்றது அது, மூச்சிரைக்க.

பரஸ்கா.

"ஒலிங்கா, உன் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிக் கை போச்சுடி, காலடித் தடத்தைப் பாத்து இங்க வந்தேன். கேளு. கீழாத்து ஊர் உதவியாள் உலியானா இருக்காள்ல, அவ உன்னையே கூப்பிட்டுக்கிட்டிருக்கா ரேடியோவுல. நேத்து டாக்டர் சொன்ன மிச்சம் அவளுக்குத் தெளிவாக் கேட்டிருக்கு. அப்பலேர்ந்து விடாம, திருப்பித் திருப்பிச் சொல்றா, இப்பத்தான் இரைச்சல் விட்டு எனக்குக் கேட்டுச்சு. நான் ஏதோ பைலட் பிஸ்கட் தின்னுக்கிட்டு..."

"என்ன சொல்றா? அதைச் சொல்லு பரஸ்கா!"

பரஸ்கா கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். "முதல் ஊசி போட்ட அன்னிக்குக் குளிர் ஜுரம் வரும். தடிப்பு மேல வரும். வயிறு இறுகலாம், புள்ள கொஞ்ச நேரம் அசையாம இருக்கலாம். கிருமி சாகறதால வர்றது அது. ஊசியை நிறுத்தாதீங்க. படுக்க வச்சு, ஜுர மாத்திரை கொடுத்து, தண்ணி நிறையக் கொடுங்க. ஒரு நாள்ல அடங்கும். வயிறு இறுகறது நிக்கலைன்னா மட்டும் கூப்பிடுங்க. அவ்வளவுதான். ஒரு எழுத்து விடலை."

ஒலிங்கா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். வாசிலி குவளையோடு தண்ணீர் வாளிக்கு ஓடினான்.

பரஸ்கா கையுறையைக் கழற்றினாள். படுக்கையைப் பார்த்தாள். நஸ்தாஸியாவின் உள்ளங்கைகளைப் பார்த்தாள். வாசிலியைப் பார்த்தாள். ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த விடை அவள் கண்முன்னால் கிடந்தது. இப்படி ஒரு விஷயம் ஆயுசுக்கு ஒருமுறைதான் கிடைக்கும்.

"ஊர்ல எல்லாருக்கும் ஃப்ளூ," என்றாள் அவள், துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொண்டே. "நஸ்தாஸியாவுக்கும் வந்துடுச்சு போல. யாராவது கேட்டா நான் சொல்லிக்கறேன். நகருடி, நெத்தியில போடணும்."

துணியை அவள்தான் மாற்றி மாற்றிப் போட்டாள். நடுக்கம் அடங்கி வயிறு இளகியபோது, உள்ளே ஏதோ ஒன்று சோம்பலாகப் புரண்டு ஒரு உதை விட்டது. நஸ்தாஸியா சிரித்தாள். வாசிலி வெளியே போய் நாய்களோடு நின்று அழுதுவிட்டு வந்தான்.

அன்று கண்டதைப் பற்றி பரஸ்கா கடைசிவரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். சில வாய்கள் தாமாகவே மூடிக்கொள்ளும், இரக்கம் வந்தால்.

*

மூன்று வார ஊசியும் முடிந்தது. விமானம் வந்ததும் ரத்தம் போனது, நோய் உண்டு என்று பதில் வந்தது. அதற்குள் வேறொன்றும் நடந்தது. இருட்டும் நேரத்தில் ஒலிங்காவின் கதவு மெல்லத் தட்டப்படும். தொப்பியைக் கையில் பிசைந்துகொண்டு ஓர் ஆள் நிற்பான். "ஒலிங்கா, எனக்கும் அங்கையக்குக்கு வந்த மாதிரி..." என்பான். அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர்களிலும், வானொலியிலும்கூட, அதுவே அந்த நோயின் மரியாதையான பெயராயிற்று. "அங்கையக் ஒருத்தர் இருக்கார் டாக்டர்" என்று உலியானா சொன்னால், டாக்டரும் மறு கேள்வி கேட்காமல் மருந்து சொல்வார். இறந்தவனுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. தன் சட்டையை எத்தனையோ பேருக்குப் போர்த்திவிட்டான்.

ஏப்ரலில் வாத்துக்கூட்டம் திரும்பிய வாரம், நஸ்தாஸியாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக விமானம் வருவதற்கு முன்பே, பனிப்புயலில் வலி கண்டது. ஒலிங்காவின் இரண்டு கைகளும் வேலையில் இருந்தன. தலை தெரிந்த நேரத்தில் வாசலில் அது கேட்டது. பல வாரமாகக் கேட்காத சத்தம்.

தொப், தொப்.

"பரஸ்காவா பாரு," என்றாள் ஒலிங்கா திரும்பாமல்.

பரஸ்கா அவள் பக்கத்திலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

வாசிலி போய்க் கதவை அகலத் திறந்தான். கொட்டகையில் யாரும் இல்லை. படியில் பனி கலையாமல் கிடந்தது. அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"உள்ள வா மச்சான். குளிருது."

வெள்ளை மூடுபனி தரையோடு உருண்டு உள்ளே வந்து, கட்டிலின் கால்வரை வந்து, கரைந்தது. குழந்தை வீறிட்டு அழுதது.

ஒலிங்கா முதலில் பார்த்தது முகத்தை அல்ல. விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி இரண்டு உள்ளங்கால்களையும், பிறகு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கைகளையும் பார்த்தாள். வழவழவென்று, சிவப்பாக, ஈரமாக இருந்தன. குழந்தைக்கும் ரத்தம் பார்க்க வேண்டும். பிற்பாடு எடுத்து அனுப்பினாள், அதுவும் நல்லபடியாகவே வந்தது. ஆனால் அந்த நிமிஷத்துக்கு அந்தக் கால்கள் போதும்.

அவள் குவளையில் விரலை நனைத்து, தலையில் ஒரு சொட்டு விட்டாள். "அங்கையக்," என்றாள். "வந்துட்டியாடா தம்பி."

அடுத்த சொட்டு உதட்டோரம் வழிந்தது. குழந்தை வாயைத் திறந்து அதை நக்கியது, இன்னும் வேண்டும் என்று தலையை அசைத்தது.

வாசிலி எட்டிப் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த அவன் வாய், கோணலாக ஒரு பக்கம் திறந்தது.

"பாரு இவனை. இத்தனை நாள் ஆத்துக்குள்ளயே கெடந்தான், வந்ததும் வராததுமாத் தண்ணி கேக்குறான். உங்க வம்சமே இப்படித்தான், ஒலிங்கா."

"போடா," என்றாள் ஒலிங்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "போய்க் கதவைச் சாத்து. வர வேண்டியவன் வந்தாச்சு."